சிச்சிமெக்கர்: எதிரி எழுதின வரலாறு

சிச்சிமெக்கர் எண்டு ஒரே இனம் இருந்ததாத்தான் நாங்களும் முதல்ல நினைச்சம். அப்பிடியில்லை. வட மெக்சிக்கோவின் வறண்ட நிலத்தில் வாழ்ந்த குவாச்சிச்சில், சக்காத்தெக்கோ, பாமே முதலிய பல மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பொதுப்பெயர் அது. டெஸ்கோக்கோ அரசர்கள் அந்தப் பெயரைப் பரம்பரைப் பெருமையாகச் சொன்னார்கள். ஸ்பானியரோ 'காட்டுமிராண்டி' என்ற பொருளில் எழுதினார்கள்.

1546இல் சக்காத்தெக்காஸில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கப் பாதைகள் இவர்களுடைய நிலத்தை ஊடறுத்தன. 1550இல் தொடங்கிய போர் 40 வருசம் நீடித்தது. அம்பும் வில்லும் வைத்திருந்தவர்களைத் துப்பாக்கியால் அடக்க முடியவில்லை. கடைசியில் உணவும் உடையும் கொடுத்தே ஸ்பானியர் சமாதானத்தை வாங்கினார்கள்.

இந்தப் போரைப் பற்றின எழுத்து அனேகமாக எதிரியின்ர கையெழுத்து. மற்றப் பக்கத்தைச் சொல்ல அம்புமுனைகளும் பாறை ஓவியங்களும்தான் மிச்சம். ஆனால் குவானாஹுவாத்தோவில் சிச்சிமெக்க ஹோனாஸ் மொழி இன்றும் பேசப்படுது. அழிஞ்ச இனம் எண்டு எழுதமுதல் நாங்கள் அதைக் கேட்கவேணும்.