மலையேறிய முதல்

அயல்நாட்டு முதலீடு என்றவுடன் பெருநிறுவனங்களே நம் நினைவிற்கு வருகின்றன. மலாயாவின் ரப்பர் வரலாற்றில் கத்ரி, ஹாரிசன்ஸ் கிராஸ்ஃபீல்டு முதலிய பெரும் வணிக நிறுவனங்கள் கோலோச்சின என்பது உண்மையே. ஆயின், பகாங் மாநிலத்து ரிங்லெட் வட்டாரத்தின் தேயிலை வரலாறோ தனிமனிதரின் துணிவிலிருந்து தொடங்குகிறது.

1929ஆம் ஆண்டு, உலகப் பொருளாதாரம் சரியத் தொடங்கிய வேளையில், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேய வணிகர் கேமரன் மலையில் நிலம் பெற்றார். இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலைகூட அன்று முற்றுப்பெறவில்லை. காடு திருத்தப்பட்டது, ‘போ’ தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. 1933இல் ரஸ்ஸல் மறைந்தபோதும் தோட்டம் நிலைத்தது. அதே ஆண்டில், ஆக்ராவிலிருந்து வந்த இந்திய வணிகர் ஒருவர் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார்.

அக்காலம் தேயிலைக்கு உகந்த காலமன்று. விலைவீழ்ச்சியைத் தடுக்க இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் 1933இல் உடன்படிக்கை செய்து ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டனர். முதிர்ந்த நாடுகளே தடுமாறிய சந்தையில் புதிய தோட்டம் என் செய்யும்? உள்நாட்டு மக்களின் தேநீர்க் கோப்பையும் அதற்குக் கைகொடுத்தது. இன்றும் கேமரன் தேயிலையின் பெரும்பகுதி மலேசியாவிலேயே விற்பனையாகிறது. அயல்நாட்டில் கால்பதிக்கும் நிறுவனம் அந்நாட்டு மக்களின் தேவையை முதலில் அறிதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும், பணமும் சந்தையும் மட்டும் மலைச்சரிவைப் பசுமையாக்கிவிடா. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த பாட்டாளிகள் குளிரிலும் மழையிலும் காடு வெட்டினர், கன்று நட்டனர், கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். 1938இல் கூலித் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்த பின்னர், இங்கேயே தங்கிவிட்டவர்களும் அவர்தம் மக்களுமே தோட்டங்களின் தூண்களாயினர். நிறுவனத்தின் கணக்கேட்டில் அவர்களது உழைப்பு செலவாகவே எழுதப்பட்டது. முதலாளி இட்ட பணத்திற்கு நிலமும் பெயரும் மிஞ்சின. தொழிலாளி இட்ட ஆயுளுக்கு, வேலை உள்ளவரை குடியிருக்க ஒரு லயத்து வீடே மிஞ்சியது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று மலையிறங்கி நகரங்களில் வாழ்கின்றனர். கொழுந்து பறிக்கும் வேலையை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் செய்கின்றனர். நாடுகள் மாறின, கணக்கெழுதும் முறை மாறிற்றா? இன்று நம் நாட்டுச் சிறு நிறுவனங்களும் வெளிநாடுகளில் தொழில் தொடங்கப் புறப்படுகின்றன. அவை ரிங்லெட் மலையிலிருந்து துணிவை மட்டுமன்று, இந்தப் பாடத்தையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்: உழைப்பவன் வாழ்வில் இடுவதும் முதலே.