ஒளிப்படம் பணமான வரலாறு

ஆனி மாதத்து முழுநிலவு நாளில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறும். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவர். கீழே நிற்போர் அவற்றைப் பிடிக்கக் கைகளை உயர்த்துவர். இன்று அவ்வாறு உயரும் கைகளுள் பலவற்றில் கைப்பேசி இருப்பதைக் காணலாம். ஒரே பகலில் அவ்வூரில் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கே இல்லை.

"இப்படங்களை இணையத்தில் விற்றால் பணம் வருமாமே?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வருவது உண்மைதான். ஆனால் எவ்வளவு வரும்? யாருக்கு வரும்? இக்கேள்விகள் புதியவை அல்ல. ஒளிப்படம் தோன்றிய நாளிலிருந்தே இவை அதனுடன் சேர்ந்து வந்திருக்கின்றன. எனவே அவ்வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

தட்டு ஒன்று, படம் ஒன்று

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது 1739-ஆம் ஆண்டில். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1839 ஆகஸ்டு 19 அன்று, அதே பிரெஞ்சு நாட்டின் தலைநகரான பாரிசில் அறிவியல் கழகக் கூட்டம் ஒன்று நடந்தது. லூயி தாகேர் என்பவர் கண்டறிந்த படமெடுக்கும் முறையை அராகோ என்ற அறிவியலறிஞர் அன்று உலகுக்கு விளக்கினார்.

வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டினால், அதன்மேல் வெள்ளி அயோடைடு படலம் உண்டாகும். இப்படலம் ஒளியால் மாறுதல் அடையக்கூடியது. தகட்டைக் கருவிக்குள் வைத்து ஒளிபடச் செய்து, பின்பு பாதரச ஆவியில் காட்டினால் படம் தோன்றும். இதுவே தாகேரின் முறை. பிரெஞ்சு அரசு இதனை விலைக்கு வாங்கியது. தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடைய காலஞ்சென்ற கூட்டாளி நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியமாக அளித்தது. முதன்முதலில் பணம் ஈட்டித் தந்தது படமன்று, படமெடுக்கும் வழியே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

தாகேரின் படத்தில் ஒரு குறை இருந்தது. அதற்குப் படி எடுக்க இயலாது. தட்டு ஒன்று, படம் ஒன்று. நகை செய்பவர் ஒரு நகையை ஒரு முறைதானே விற்க முடியும்? அவ்வாறே படமெடுப்பவரும் ஒரு படத்தை ஒரு முறைதான் விற்க முடிந்தது.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பாட். 1841-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் முதலில் எதிர்ப்படம் கிடைக்கும். வெளிச்சம் இருளாகவும், இருள் வெளிச்சமாகவும் பதிந்த படம் அது. நெகட்டிவ் என்று நாம் அழைப்பது இதைத்தான். அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1850-இல் பிளாங்கார் எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டை வெண்கருவைப் பூசிய தாளைப் படிகளுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டே லில் நகருக்கு அருகில் படிகளை மொத்தமாக அச்சிடும் தொழிற்சாலையையும் தொடங்கினார். இத்தகைய தாளுக்கு இருந்த தேவை வியப்பூட்டுவது. 1880-களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நாளொன்றுக்கு 60,000 முட்டைகள் உடைக்கப்பட்டன!

செலவாக வந்து வரவாக மாறியது

நம் நாட்டில் ஒளிப்படம் முதலில் அரசின் செலவாகவே அறிமுகமாயிற்று. சென்னை மாகாண அரசு லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. அவர் 1858-இல் காவிரி நாட்டுக்கு வந்து, சீரங்கத்தையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீண்ட சுருளாக ஒட்டிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் செலவு மிகுதி என்று கூறி அரசு அப்பணியை நிறுத்திவிட்டது.

அரசு கைவிட்டதை வணிகம் எடுத்துக்கொண்டது. 1863-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், ஏழாண்டுகள் இமயம் முதல் தென்னாடு வரை சுற்றிப் படமெடுத்தார். அவர் பங்காளராக இருந்த போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையம் ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் அச்சிட்டது. வாடிக்கையாளர் எண்ணைக் குறித்து அனுப்பினால் படி வந்து சேரும். இன்றைய இணையப் படக்கிடங்குகள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. கல்கத்தாவில் இயங்கிய அந்நிலையம் 2016-இல்தான் மூடப்பட்டது.

இக்காலத்தில் பாரிசில் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. டிஸ்தெரி என்பவர் 1854-இல், பல வில்லைகள் கொண்ட கருவியால் ஒரே தட்டில் எட்டுச் சிறு உருவப்படங்களைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை சரிந்தது; நடுத்தரக் குடும்பங்களும் படம் எடுத்துக்கொண்டன. டிஸ்தெரி பெருஞ்செல்வரானார். ஆனால் அம்முறையை எவரும் எளிதாகப் பின்பற்றலாம் அல்லவா? தெருவுக்கொரு நிலையம் தோன்றிற்று. கடைசியில் அவர் 1889-இல் வறுமையில் இறந்தார். படி எடுப்பது மலிந்தால் விற்போர் பெருகுவர். விற்போர் பெருகினால் விலை வீழும். இந்நிகழ்ச்சி மேலும் இரு முறை நடந்ததைப் பின்னர்க் காண்போம்.

அஞ்சலட்டையில் ஏறிய ஊர்

1869-இல் ஆஸ்திரியாவில் அஞ்சலட்டை பிறந்தது. 1879-இல் இந்தியாவில் காலணா அட்டை வந்தது. இதே காலத்தில் ஒளிப்படத்தை மையால் அச்சிடும் முறையும் வளர்ந்தது. டைக்குரோமேட்டு உப்புச் சேர்த்த ஜெலட்டினைக் கண்ணாடியில் பூசி, அதன்மேல் நெகட்டிவை வைத்து ஒளிபடச் செய்வர். ஒளி பட்ட இடம் இறுகி மையைப் பற்றும். படாத இடம் நீரை உறிஞ்சி மையை விலக்கும். இவ்வாறு இரண்டும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட அஞ்சலட்டை உலகெங்கும் பரவியது.

புதுச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சு இந்திய ஊர்களின் காட்சிகளும் அட்டைகளில் ஏறின. காரைக்கால் மக்களுக்கும் கடல் கடந்த உறவு புதிதன்று. வேலைக்கும் வணிகத்துக்குமாகப் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனுக்குச் சென்றிருந்தனர். படம் என்பது அத்தகைய குடும்பங்களுக்கு முகம் பார்க்கும் வழியாக இருந்தது.

ஆனால் அஞ்சலட்டை வணிகத்தில் ஆதாயம் யாருக்குப் போயிற்று? பெரும்பாலும் அட்டையை வெளியிட்டவருக்கு. படமெடுத்தவருக்கு ஒரு தொகை கிடைத்திருக்கலாம். படத்தில் நின்ற மீனவருக்கோ, நீர் சுமந்த பெண்ணுக்கோ ஒன்றும் இல்லை, பெயர்கூட இல்லை. அக்காலத்து அட்டைகளில் மனிதர்கள் பெரும்பாலும் தொழிலின் பெயராலோ சாதியின் பெயராலோதான் குறிக்கப்பட்டனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கிலப் படநூலும் மக்களை இனவகைகளாகவே காட்டியது. ஊரைப் பற்றிய குறிப்பை ஊரார் எழுதவில்லை. வேற்றார் எழுதினர்.

படம் எண்ணாக மாறிய விதம்

தாளும் மையும் இருந்தவரை ஒவ்வொரு படிக்கும் சிறிதளவேனும் செலவு இருந்தது. அச்செலவையும் இல்லாமல் ஆக்கியது மின்னணுவியல். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுக்கு அடிகோலினர். 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு ஒரு கருவி செய்தார். அது பதித்தது பத்தாயிரம் புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் பிடித்தன.

இன்று கைப்பேசியில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் சாதாரணம். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் கணக்கிட்டால், படம் ஒன்றுக்கு 3 கோடியே 60 லட்சம் பைட்டு ஆகிறது. இவ்வளவையும் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதென்றால் இணைய விற்பனையே நடந்திராது. இதற்கு வழி செய்தவர்கள் நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அறிஞர்கள். நசீர் அகமது 1972-இல் தம் கருத்தை எழுதி ஆய்வுநிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆயினும் விடாமல் தம் மாணவர் டி. நடராஜனுடனும், கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974-இல் ஒரு கணித முறையை வெளியிட்டார். 1992-இல் ஏற்கப்பட்ட ஜேபெக் என்னும் படச்சுருக்க முறைக்கு அதுவே அடிப்படை.

அம்முறை செய்வது என்ன? படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெதுவாக மாறும் பகுதியையும், சட்டென்று மாறும் நுண்ணிய பகுதியையும் வேறுபடுத்துகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்பகுதியைக் குறைத்துவிடுகிறது. காரைக்கால் கடற்கரையின் தெளிந்த வானத்தையும், மாங்கனித் திருவிழாக் கூட்டத்தையும் ஒரே கைப்பேசியால் எடுத்துப் பாருங்கள். வானத்தின் கோப்பு சிறியதாகவும் கூட்டத்தின் கோப்பு பெரியதாகவும் இருக்கும். கூட்டத்தில் நுண்விவரம் மிகுதி என்பதே காரணம்.

மூன்றாவது வீழ்ச்சி

2000-ஆம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் ஐஸ்டாக்போட்டோ என்ற இணையப் படக்கிடங்கைத் தொடங்கினார். அங்கு முதலில் படங்கள் இலவசமாகப் பரிமாறப்பட்டன. பின்பு ஒரு படம் கால் டாலருக்கு விற்றது. அதுவரை இதழ்களும் விளம்பர நிறுவனங்களும் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துவந்தன. 2003-இல் ஜான் ஓரிங்கர் தாம் எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களுடன் ஷட்டர்ஸ்டாக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2006-இல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் இந்திய முகங்களையும் இந்திய வாழ்க்கையையும் காட்டும் இமேஜஸ்பஜார் நம் நாட்டில் தோன்றியது.

இவ்வாறு, முன்பு நகரத்து வல்லுநருக்கு மட்டுமே திறந்திருந்த சந்தை காரைக்கால் மாணவருக்கும் திறந்தது. ஆனால் டிஸ்தெரியின் கதை மீண்டும் நடந்தது. 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் தன் பங்கீட்டு முறையை மாற்றியபோது, ஒரு பதிவிறக்கத்துக்குப் படைத்தவர் பெறும் மிகக் குறைந்த தொகை 10 சென்ட் ஆயிற்று. நம் பணத்தில் அது ஒரு குவளைத் தேநீருக்கும் போதாது. 2022 முதல் கணினியே இயற்றும் படங்களும் போட்டிக்கு வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் கெட்டி நிறுவனம் அத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஷட்டர்ஸ்டாக் அடுத்த மாதமே அவற்றை இயற்றும் நிறுவனத்துடன் கைகோத்தது.

உரிமை யாருடையது?

விற்குமுன் சட்டத்தையும் அறிதல் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒளிப்படம் ஒரு கலைப்படைப்பு. எடுத்தவரே அதன் ஆக்கியோர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். எனவே திருமணத்துக்குக் கூலி பெற்று எடுத்த படத்தைத் தம் விருப்பப்படி விற்க முடியாது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது.

அடையாளம் தெரியும் ஒருவரின் முகத்தை விளம்பரத்துக்கு விற்கப் படக்கிடங்குகள் அவருடைய கையொப்பமிட்ட இசைவைக் கேட்கின்றன. அஞ்சலட்டைக் காலத்து மீனவரிடம் எவரும் இப்படிக் கேட்டதில்லை. இக்காலத்தில் நாம் அடைந்துள்ள முன்னேற்றங்களுள் இதுவும் ஒன்று. இந்தத் தாளை ஒரு தொல்லை என்று எண்ணுவோர் அந்த அட்டைகளை நினைத்துப் பார்த்தல் நலம்.

எது விலைபோகும்?

அந்திச் சூரியனும் தாமரைப் பூவும் உலகெங்கும் உண்டு. அவற்றின் படங்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. கணினியும் அவற்றை நொடியில் இயற்றிவிடும். ஆனால் மாங்கனித் திருவிழா காரைக்காலில் மட்டுமே நடப்பது. அரசலாற்று முகத்துவாரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதையும், ஒரு குறிப்பிட்ட நாளில் துறைமுகத்துக்கு வந்த மீனையும் அங்கே நின்றவர்தாம் எடுக்க முடியும். என்ன, எங்கே, எந்நாள் என்ற குறிப்பு சரியாக இருந்தால் பாடநூல் வெளியிடுவோரும் இதழ்களும் ஆய்வாளரும் தேடி வருவர். குறிப்பில்லாத படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடித்தாலும் நம்ப முடியாது.

இதற்கு அருகிலேயே சான்று உள்ளது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்துள்ளது. அதன் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களையும் தேடி மின்னணு முறையில் அது பதிந்துவருகிறது. அவை எடுக்கப்பட்ட நாளில் சில ரூபாய்க்கு விற்றவை. இன்று அவை நம் சமூக வரலாற்றின் ஆவணங்கள்.

எனவே படம் விற்க விரும்பும் மாணவர் அதைப் பெருஞ்செல்வம் தரும் வழியாக எண்ண வேண்டாம். சிறு துணை வருமானமாகக் கருதலாம். படத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள், இசைவு பெறுங்கள், நாளையும் இடத்தையும் குறியுங்கள். நூறாண்டுக்கு முன் காரைக்காலின் படத்துக்குக் குறிப்பு எழுதியவர் வேற்றார். இனி அதை எழுத வேண்டியவர்கள் காரைக்காலார்தாம்.