வெள்ளியிற் பொறித்த புகழ்

பண்டை அரசர் தம் ஆணை செல்லும் எல்லை காட்டக் காசு வெளியிட்டனர். இக்கால அரசுகளோ முன்னோரைப் போற்ற நினைவு நாணயம் வெளியிடுகின்றன. தஞ்சைப் பெருங்கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்கென இந்திய அரசு 2010ஆம் ஆண்டு பொறித்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் முதலாம் இராசராசனை நினைவூட்டுகின்றது. அவன் படை 993 அளவில் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியது. ஆதலின் தஞ்சையிற் பெருமையாகும் பெயர் அநுராதபுரத்தில் அழிவின் நினைவாகும்.

எனினும், சோழர் அகன்றபின் பொலனறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), ஒருபுறம் நிற்கும் மன்னனும் மறுபுறம் அமர்ந்த மன்னனுமாக அச்சோழ வடிவிலேயே செப்புக்காசு அடித்தான். பகை ஒழிந்தும் அச்சு நிலைத்தது.

அம்மன்னனின் சிலையைப் பொறித்து, உணவுப் பெருக்கத்தை வலியுறுத்த 1968இல் இலங்கை வெளியிட்ட இரண்டு ரூபாய் நாணயம் வெள்ளியன்று. செப்பும் நிக்கலும் கலந்தது. மாணவர்காள்! குளத்துநீரால் விளைந்த நெல்லை உண்ணும் நமக்கு, மன்னர் புகழை மதிப்பிடும் உரைகல் உலோகமன்று. அவர் விட்டுச்சென்ற பயனே.