வட்டாவும் நொதியமும்: வாய்ப்புற்றுநோயின் வரலாற்றில் ஒரு கூறு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, வீட்டுக்கு வந்தவரின் முன் முதலில் வைக்கப்படுவது வெற்றிலை வட்டாவே. மங்கல காரியங்களுக்கு அழைப்பதும் பெரியோருக்கு மரியாதை செய்வதும் அதனைக் கொண்டுதான். களுதாவளையில் வெற்றிலைச் செய்கை பல குடும்பங்களின் சீவனோபாயமாகும். இவ்வட்டாவோடு தொடர்புற்ற ஒரு நோயின் வரலாற்றையும், அந்நோயில் ஒரு நொதியத்தின் பரம்பரையலகு பெறும் பங்கினையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். உயிரிரசாயனத்தையும் சமூக வரலாற்றையும் வெவ்வேறு அறைகளில் வைத்துப் பூட்டும் நமது கல்விமுறையில் இவ்விணைப்பு எளிதிற் புலப்படுவதில்லை.

நொதியம் என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1897இல் எடுவாட் புக்னர் என்னும் ஜேர்மானிய அறிஞர் மதுவக் கலங்களை அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள கலம் எதுவுமின்றியே, வெல்லத்தை நொதிக்கச் செய்வதைக் கண்டார். கலத்தின் உள்ளிருந்து வேலைசெய்யும் பொருள்கள் பற்றிய ஆய்வு அதன்பின் விரைந்து வளர்ந்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இரசாயனம் பயின்றவர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிக்காக முன்னின்று உழைத்தவர். அந்நெறி தொடர்ந்தமையாலேயே ஈழத்தில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இயல்வதாயிற்று. கள்ளு முட்டியில் நுரை பொங்கக் கண்ட வாவிக்கரை மாணவனுக்கு நொதியம் அந்நியச் சொல்லன்று.

புற்றுக்கலமும் ஒரு வகையில் கள்ளு முட்டியே. 1920களில் பேர்லினில் ஆராய்ந்த ஒட்டோ வார்பேர்க், ஒட்சிசன் போதியளவு இருக்கும்போதும் புற்றுக்கலங்கள் குளுக்கோசை இலத்திக்கமிலமாக நொதிக்கச் செய்வதை நிறுவினார். ஆனால் கலத்தின் சுவாசம் பழுதுறுவதே புற்றுக்கு மூலகாரணம் என்று அவர் கொண்ட முடிபு நிலைக்கவில்லை. பெரும்பாலான புற்றுக்கலங்களில் இழைமணிகள் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. மாறுவது பரம்பரையலகுகளின் தொழிற்பாடு. குளுக்கோசின் மீது பொசுபேற்றை ஏற்றி, அது கலத்தைவிட்டு வெளியேறாதபடி தடுப்பது எக்சோகைனேசு என்னும் நொதியம். கிளைக்கோப்பகுப்பின் முதற்படி அதுவே. அதன் இரண்டாம் வகை, வளர்ந்தோரில் தசையிலும் கொழுப்பிழையத்திலுமே சிறப்பாகக் காணப்படுவது. பல புற்றுக்களில் அதன் பரம்பரையலகு அளவுமீறித் தொழிற்படுகின்றது. 1977இல் பெடர்செனும் அவர்தம் உடனாய்வாளரும் எலியின் ஈரற்புற்றுக் கலங்களில் எக்சோகைனேசு இழைமணியோடு ஒட்டியிருப்பதைக் காட்டினர். 2013இல், இரண்டாம் வகையின் பரம்பரையலகை நீக்கியபோது சுண்டெலிகளின் நுரையீரல், மார்புப் புற்றுக்கள் தோன்றி வளர்வது தடைப்பட்டமை அறியப்பட்டது. சுண்டெலிகளின் உடல்நலமோ அதனாற் குன்றவில்லை.

இது வட்டாவோடு எங்ஙனம் பொருந்தும்? திருவிதாங்கூர் நெய்யூர் மருத்துவமனையிற் பணியாற்றிய ஓர் என்பவர் 1933இலேயே வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். புகையிலையே குற்றவாளி என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 2004இல் வெளியான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தொகுதி, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் புற்றை விளைப்பவை என வகுத்தது. பாக்கு வாயின் மென்சவ்வின் கீழ் நாரிழையத்தைப் படியச்செய்கின்றது. 2008இல் பேராதனையைச் சேர்ந்த திலகரத்னவும் குழுவினரும், அந்நோய் புற்றாக மாறும் போக்கில், ஒட்சிசன் குறையும்போது கலத்தில் மிகும் ஒரு புரதம் பெருகியிருப்பதை எடுத்துக்காட்டினர். இரண்டாம் எக்சோகைனேசின் பரம்பரையலகை முடுக்கிவிடும் புரதங்களுள் அதுவும் ஒன்றாகும். வார்பேர்க்கின் ஆய்வுகூடமும் படுவான்கரையின் களவெட்டியும் இவ்விடத்திற் சந்திக்கின்றன.

பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவோர் வேலையின் தன்மையை மறந்துவிடுகின்றனர். அறுவடைக் காலத்தில் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் கூலியாளுக்கு வெற்றிலை பசியையும் களைப்பையும் தள்ளிவைக்கும் மலிவான வழி. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று நெடுங்காலமாக முன்னிலையில் இருப்பதை இவ்வுழைப்பு நிலைமையினின்றும் பிரித்து விளங்க முடியாது. போர்க்காலத்தில் மகரகமைக்குச் சிகிச்சைக்காகச் செல்வதென்பது, சோதனைச் சாவடிகளைக் கடந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். அதனாற் பலர் நாட்கடத்தினர். இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்கின்றது. எனினும் கட்டி முற்றிய பின்னரே வருவோர் இன்னும் உளர்.

பரம்பரையலகின் மிகைத் தொழிற்பாட்டை அறிய ஆய்வுகூடம் வேண்டும். நாரிழையம் படிவதை அறிய ஒரு விளக்கும் சில நிமிடங்களும் போதும்: கறியின் உறைப்பு வாயைச் சுட்டெரிக்கும்; கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகும்; அடுக்கிய மூன்று விரல்கள் பற்களுக்கிடையே நுழையமாட்டா.