வான்கவிதை எழுதிய போர் விமானி: 19 வயதில் பயிற்சியின்போது மறைந்த ஜான் மகீ

இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த விமானிகள் அனைவரும் எதிரியால் வீழ்த்தப்பட்டவர்கள் அல்லர். பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் மாண்டனர். போர் விமானப் பிரிவுகளிலும் இத்தகைய இழப்புகள் நேர்ந்தன. அவ்வாறு மறைந்தவர்களில் பரவலாக அறியப்பட்டவர் ஜான் கில்லெஸ்பி மகீ.

பிறப்பும் படைச் சேர்க்கையும்

1922 ஜூன் 9-ஆம் தேதி சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தார். அமெரிக்கரான தந்தையும் ஆங்கிலேயரான தாயும் அங்குக் கிறிஸ்தவ சமயப் பணியாற்றினர். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் பயின்றபோது கவிதைக்கான பரிசு பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், 1940 அக்டோபரில் கனடா விமானப்படையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை.

கவிதை

1941 ஆகஸ்டில் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் மிக உயரத்தில் பறந்த அனுபவமே 'ஹை ஃப்ளைட்' என்னும் 14 அடிக் கவிதையாயிற்று. அதனைப் பெற்றோருக்கு எழுதிய கடிதத்துடன் அனுப்பினார். பின்னர் அவர் கனடாவின் 412-ஆவது படையணியில் இணைந்தார்.

விபத்து

1941 டிசம்பர் 11-ஆம் தேதி, லிங்கன்ஷயர் மாவட்டத்தின் வெலிங்கோர் தளத்திலிருந்து சக விமானிகளுடன் பயிற்சிக்குச் சென்றார். திரும்புகையில் மேகங்களின் இடைவெளி வழியே கீழிறங்கியபோது, கிரான்வெல் தளத்தைச் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானத்துடன் அவரது விமானம் மோதியது. மகீ வெளியே குதித்தபோதும், பாராசூட் விரிவதற்குப் போதிய உயரம் இல்லை. அமெரிக்காவும் ஜெர்மனியும் ஒன்றன் மீது ஒன்று போர் அறிவித்ததும் அதே நாளில்தான்.

மற்றொரு விமானியான எர்னஸ்ட் கிரிஃபினும் உயிரிழந்தார். பயிற்சி பெற்று வந்த அவருக்கும் வயது 19. அவரைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

நினைவு

மகீயின் உடல் லிங்கன்ஷயரின் ஸ்காப்விக் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவரது கவிதையின் முதல் அடியும் இறுதி அடியும் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. 1986 ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் பலியான அன்று, நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையை அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் அக்கவிதையின் சொற்களைக் கொண்டே நிறைவு செய்தார்.

அந்தக் கவிதையை மகீ எழுதியதற்கும் அவரது மறைவுக்கும் இடைப்பட்ட காலம் நான்கு மாதங்களுக்கும் குறைவு.