முருங்கைக்காயன் 302 முதல் ஏ.டி. 354 வரை: இலங்கை நெல் இனவிருத்தியும் யாழ்ப்பாண வயலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகத்தைச் சூழ்ந்த செம்பாட்டு மண் கிணற்று நீரை நம்பியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அங்கே செழிக்கும். நெல் வயலைக் காண மேற்கே வழுக்கையாற்றுப் பக்கம் போகவேண்டும், அல்லது கிழக்கே தென்மராட்சிக்கு. அந்த வயல்களுக்கு வாய்க்கால் பாய்ச்சல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் ஒரு காலபோகம், அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் சராசரி நெல் விளைச்சல் ஹெக்டேயருக்கு 2 தொன்னை எட்டவில்லை. அண்மைக் காலத்தின் நல்ல ஆண்டுகளில் அது 4 தொன்னைத் தாண்டியிருக்கிறது. இந்த உயர்வில் குடாநாட்டு மழை வயல்களுக்குக் கிடைத்த பங்கு சிறிது. ஏன் அப்படி என்பதற்கான விடை பெரும்பாலும் இனவிருத்தியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதற் கட்டத்தில் புதிய நெல் எதுவும் உருவாக்கப்படவில்லை. கமக்காரரின் வயலில் ஒரே பெயரில் விளைந்த நெல்லுக்குள் உயரத்திலும் வயதிலும் மணியிலும் பல வேறுபாடுகள் இருந்தன. விவசாயத் திணைக்களம் அவற்றுள் நல்ல தாவரங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் வழித்தோன்றலையும் தனியாக விதைத்துப் பார்த்தது. பச்சைப்பெருமாள் 2462/11, வெள்ளை இளங்கலையன் 28061, முருங்கைக்காயன் 302 முதலிய தூய வழிகள் இப்படித் தெரிவானவை. பெயருக்குப் பின்னால் நிற்கும் எண், பல பருவங்கள் நீண்ட அந்தத் தெரிவுக்குச் சாட்சி. ஆனால் உள்ள குணங்களுள் நல்லதைப் பொறுக்க மட்டுமே தெரிவு உதவும். வயலில் இல்லாத குணம் வேண்டுமென்றால் கலப்புத்தான் வழி.

1952இல் குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடையில் மத்திய நெல் இனவிருத்தி நிலையம் அமைந்தது. முருங்கைக்காயன் 302ஐ இந்தோனேசியாவின் மாஸ் இனத்தோடு கலந்து அங்கே உருவான எச்-4, 1958இல் வெளிவந்தது. செந்நிற அரிசி, நான்கு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட வயது, எரிபந்த நோயைத் தாங்கும் திறன் ஆகியவற்றோடு, அளவான பசளைக்கு நல்ல பலனும் தந்தது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் வயல்களில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. மனிலாவுக்கு அருகே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியதே 1960இல்தான், அதன் ஐ.ஆர். 8 வந்தது 1966இல். பசுமைப் புரட்சியை வெளியிலிருந்து வந்த கொடையாக மட்டும் எழுதுவோர் எச்-4இன் ஆண்டைக் கவனிக்க வேண்டும். உள்ளூர் நெல் ஒன்றைப் பெற்றோராகக் கொண்டு, உள்ளூர் உணவுப் பழக்கத்தை மதித்துச் செய்த வேலை அது.

எச்-4இன் குறை அதன் உயரம். பசளை கூடினால் கதிர்ப் பாரம் தாங்காமல் தண்டு சாயும். இதே சிக்கல் கோதுமையிலும் இருந்தது. ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் குணத்தை நோர்மன் போர்லாக் மெக்சிக்கோ இனங்களுக்குள் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த கோதுமையால் இந்தியாவின் உற்பத்தி 1964-65இன் சுமார் 12 மில்லியன் தொன்னிலிருந்து 1970-71இல் 23 மில்லியனைத் தாண்டியது. தண்டுக்குச் செலவாகும் சத்து மணிக்குத் திரும்புவதே குட்டை இனத்தின் அடிப்படை. நெல்லில் அந்தக் குணம் தாய்வானின் டீ-ஜியோ-வூ-ஜென் வழியாக வந்தது. பத்தலகொடை 1970இல் பி.ஜி. 11-11ஐயும் அடுத்த ஆண்டு மூன்று மாத நெல்லான பி.ஜி. 34-8ஐயும் வெளியிட்டது. பின்னர் வந்த பி.ஜி. 90-2 மேற்கு ஆபிரிக்காவின் மாலி வரை போய்ச் சேர்ந்தது. பி.ஜி. 300, பி.ஜி. 352, பி.ஜி. 358 என்று தொடர்ந்த வரிசையில் எண்ணைப் பார்த்தாலே வயது தெரியும்: 300இல் தொடங்குவது மூன்று மாதம், 350இல் தொடங்குவது மூன்றரை.

இந்த இனங்களின் விளைச்சல் திறன், நேரத்துக்கு நீரும் நேரத்துக்குத் தழைச்சத்தும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டு, அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் கடுமையாகச் சரிந்தபோது நாடே அதை உணர்ந்தது. யாழ்ப்பாணக் கமக்காரர் அதை நெடுங்காலமாக அறிவார். மழைக்கு முன் புழுதியில் விதைத்து, இடையில் மழை தவறினால் களைகளோடு போராடி, மார்கழி வெள்ளத்தையும் தாண்டும் பயிருக்கு உயரம் ஒரு காப்பு. மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல் குடாநாட்டில் இன்றும் விதைக்கப்படுவதைப் பழைமைப் பற்று என்று தள்ளிவிடுவது தவறு. குறைந்த பசளையில் விளைவது, மாட்டுக்கு நீண்ட வைக்கோல் தருவது, புழுங்கல் அரிசிக்கு ஏற்ற சுவை கொண்டது. ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்ற ஒற்றை அளவுகோலில் இவற்றுள் எதுவும் பதிவாகாது.

குடாநாட்டின் இன்னொரு தடை உப்பு. கடல்நீரேரியை ஒட்டிய வயல்களில் நல்ல இனமும் கருகும். இங்கே இனவிருத்தி செய்யக்கூடியது என்ன என்பதற்கு அம்பாந்தோட்டை மாவட்டத்தின் அம்பலாந்தோட்டை நிலையம் முன்மாதிரி காட்டியது. கேரளத்துக் கரையோரத்தின் போக்காளி நெல்லை பி.ஜி. 94-1உடன் கலந்து பெற்ற ஏ.டி. 354, உப்பைத் தாங்கும் திறனை உயர் விளைச்சலோடு சேர்த்தது. எச்-4இல் முருங்கைக்காயனுக்குக் கிடைத்த இடம் இதில் போக்காளிக்குக் கிடைத்தது. இந்த வரலாற்றில் நிலைத்த வெற்றிகள் பலவற்றுக்கும் பின்னால் ஒரு வட்டாரத்துக் கமக்காரர் காத்துவைத்த பழைய நெல் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. இவை இரண்டும், ஆய்வு நிலையத்தின் பாய்ச்சல் வயலில் மட்டும் முன்னின்ற இனத்தை வடக்குக்கு உரியதெனப் பரிந்துரைப்பதை விடுத்து, வழுக்கையாற்றுப் பக்கத்திலும் தென்மராட்சியிலும் புழுதி விதைப்பில், குறைந்த பசளையில், கமக்காரரின் கண்முன்னே வழிகளைத் தெரிவு செய்ய வேண்டும். மொட்டைக்கறுப்பனை அந்தக் கலப்புகளில் பெற்றோராக வைக்க வேண்டும். அதன் விதைநெல்லை இன்னும் காத்துவரும் குடும்பங்கள் அந்த வேலை தொடங்கும்வரை அதைக் கைவிடாதிருக்கட்டும்.