துருவின் தாய்வீடு

கோதுமையில் துரு விழுந்திருக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். இலையைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் போதும், செங்கல் தூள் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு பூசண வித்து. காற்று மட்டும் வாய்த்தால் பல நூறு மைல் தாண்டிப் போய் இன்னொரு வயலில் இறங்கிவிடும்.

நீலகிரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்த காலத்தில் என் மாணவர்களை வெலிங்டனில் உள்ள கோதுமை ஆய்வு நிலையத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். "தமிழ்நாட்டுல யார் சார் கோதுமை போடறாங்க? இதுக்கு எதுக்கு இங்க ஒரு ஆராய்ச்சி?" என்று எவனாவது ஒருவன் கேட்டுவிடுவான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஆக்ராவுக்குப் போக வேண்டும்.

ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் கரம் சந்த் மேத்தா. 1920களில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கோதுமைத் துரு ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது? மத்திய இந்தியாவில் இந்த நோய் ஆடிய ஆட்டம் பழையது. தக்கர் என்னும் வழிப்பறிக் கும்பல்களை ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நர்மதைப் பள்ளத்தாக்கில் அறுவடைக்கு நின்ற கோதுமை மைல் கணக்கில் பாழானதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.

ஐரோப்பாவில் இதற்கு விடை முன்பே கிடைத்திருந்தது. தண்டைத் தாக்கும் கருந்துரு பார்பெரி என்னும் முட்செடியில் ஒரு பருவத்தைக் கழித்துவிட்டுக் கோதுமைக்குத் திரும்புகிறது என்று 1865இல் ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி நிறுவினார். அமெரிக்கர்கள் 1918 முதல் அந்தச் செடியை ஊர் ஊராக வேரோடு பிடுங்கினார்கள். இமயமலையிலும் பார்பெரி உண்டு. எங்கள் மலையிலேயே அதன் இனம் ஒன்று இருக்கிறது, ஊசிக்கலா என்போம். அதன் பழத்தைத் தின்று நாக்கு நிறம் மாறாத பிள்ளை இந்தப் பக்கம் இல்லை. புத்தகத்தை நம்பியிருந்தால் மேத்தாவும் இந்தச் செடிகள் மேல் பழியைப் போட்டிருப்பார். அவர் போடவில்லை. இந்தியத் துருவில் பார்பெரிக்குப் பங்கு இல்லை என்று காட்டினார். சமவெளியில் அறுவடை முடிந்ததும் வரும் மே, ஜூன் வெயிலில் வித்துகள் செத்துப்போகின்றன. கோடையிலும் பச்சைக் கோதுமை நிற்கிற குளிர்ந்த மலைகளில் மட்டுமே துரு உயிர் பிழைக்கிறது என்பது அவர் கண்டது. ஒரு பக்கம் இமயமலை, இன்னொரு பக்கம் நீலகிரியும் பழனி மலையும். கருந்துருவுக்கோ தென்மலைகளே தாய்வீடு. சிம்லாவில் ஃபிளவர்டேல் என்ற இடத்தில் ஆய்வகம் வைத்து அவர் செய்த வேலை 1940இல் நூலாக வந்தது.

அக்காலத்தில் நீலகிரியில் படகர்கள் சாமை, வாற்கோதுமையோடு கோதுமையும் பயிரிட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் வரும். அறுவடையில் சிந்திய மணிகள் தாமாக முளைத்து இடைக்காலத்தையும் நிரப்பிவிடும். துருவுக்கு வேறென்ன வேண்டும்? இந்த மலைகளில் கோடைக் கோதுமையை நிறுத்துங்கள் என்றார் மேத்தா. நர்மதைக்காரன் பிழைக்க நீலகிரிக்காரன் தன் பயிரை விட வேண்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, யார் செய்வார்கள்? பின்னாளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் தேயிலையும் நல்ல காசு தந்ததால் கோதுமை தானே ஒதுங்கிக்கொண்டது. அரசாணையால் ஆகாததைச் சந்தை செய்துவிட்டது. மேத்தா அதைப் பார்க்கவில்லை, 1950இல் இறந்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1946-47இல், மத்திய இந்தியாவைக் கருந்துரு மறுபடி சூறையாடியிருந்தது.

தில்லியில் பெஞ்சமின் பியரி பால் வேறு வழியில் போனார். நோயின் வழியை அடைப்பதைவிட நோய்க்கு அசையாத பயிரை உண்டாக்குவது மேல் என்பது அவர் கட்சி. 1954இல் வந்த என்.பி. 809 கருந்துரு, இலைத்துரு, மஞ்சள்துரு என்ற மூன்று வகைத் துருவையும் தாங்கிய ரகம். அதே ஆண்டில்தான் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் தொடங்கியது. துரு ஆண்டு முழுதும் குடியிருக்கும் இடத்திலேயே பயிரைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்போம் என்பது திட்டம். மேத்தா குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய மலை பரீட்சைக்கூடம் ஆயிற்று. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வயலில் போய்ப் பார்த்தால் முறை எளிது. துருவுக்கு உடனே இடங்கொடுக்கும் 'ஆக்ரா லோக்கல்' ரகத்தை ஊடே ஒரு வரிசை விதைப்பார்கள். அது சிவந்து நோயைப் பரப்பும். பக்கத்து வரிசைகளில் எது பச்சையாகவே நிற்கிறதோ அது தேறியது. தில்லியில் ஏப்ரலில் அறுத்த விதையை இங்கே கோடையில் விதைத்து, நவம்பர் விதைப்புக்குத் திருப்பி அனுப்பலாம். ஓராண்டில் இரண்டு தலைமுறை. மெக்சிகோவில் கோதுமை விஞ்ஞானி போர்லாக் இரண்டு ஊர்களுக்கிடையே செய்ததும் இதுவே.

வித்துகள் வடக்கே போகும் பாதையை 1970களில் எஸ். நாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் வானிலைப் படங்களைக் கொண்டு விளக்கினார்கள். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் உருவாகும் புயல் தென்மலைகளின் காற்றை இழுத்து மத்திய இந்தியா வரை கொண்டுபோகிறது. அங்கே பெய்யும் மழை வித்துகளைப் பயிர்மேல் இறக்குகிறது. சென்னையில் நாம் பள்ளி விடுமுறைக்காக ரேடியோவில் கேட்ட அதே புயல்.

துருவின் கதையில் கப்ளி கோதுமையையும் சொல்ல வேண்டும். நம் கடைகளில் சம்பா கோதுமை என்ற பெயரில் விற்பவற்றில் இதுவும் ஒன்று. துரு இனங்களைப் பிரித்தறிய அமெரிக்காவில் துரு ஆய்வாளர் ஸ்டாக்மன் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு ரகங்களில் இந்தியாவிலிருந்து போன கப்ளிக்கும் இடமிருந்தது. அந்த ஸ்டாக்மனின் மாணவர்தான் போர்லாக். உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடுவது கப்ளியின் குறை. வெலிங்டனில் அதைக் குட்டையாக்கி எச்.டபிள்யூ. 1098 என்ற ரகத்தை எடுத்தார்கள், 'நீலகிரி கப்ளி' என்றே பெயர்.

நோயோடு நடக்கும் வழக்கு முடிவதில்லை. பசுமைப் புரட்சியின் செல்லப்பிள்ளையான கல்யாண் சோனா ரகம் 1970களின் தொடக்கத்தில் இலைத்துருவிடம் தோற்றது. ஒரே ரகத்தை நாடு முழுக்க விதைத்ததற்குக் கிடைத்த பலன் அது என்பேன். 1998இல் உகாண்டாவில் கண்ட புதிய கருந்துரு, ரை என்னும் தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்திருந்த எதிர்ப்பு மரபணுவையே உடைத்துவிட்டது. ஆகவே வெலிங்டனில் இன்றும் விதைக்கிறார்கள், ஆக்ரா லோக்கல் இன்றும் சிவக்கிறது.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பசுமைப் புரட்சிப் பாடத்தில் மெக்சிகோ விதையும் பஞ்சாப் வயலும் இருக்கின்றன, கும்பகோணத்துச் சுவாமிநாதனும் இருக்கிறார். ஆக்ராவின் மேத்தாவுக்கும் குன்னூர்ப் பக்கத்து இந்த நிலையத்துக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.